டிஸ்க் ஆப்பரேஷனுக்குப் பிறகும் விடாத கால் நரம்பு வலி: எதை எப்போது செய்வது

இடுப்பில் டிஸ்க் ஆப்பரேஷன் முடிந்து, தையல் பிரித்து, மூன்று மாதம் தாண்டிவிட்டது. ஆனாலும் பிட்டத்திலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது. ராத்திரி படுத்தால் கால் திகுதிகுவென்று எரிகிறது. வேட்டி நுனி பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் எழுதியது இது. ஆப்பரேஷன் ஆகி சில வாரமே ஆனவர்கள் தங்கள் டாக்டர் சொன்னபடி நடந்தால் போதும்.

மதுரைப் பக்கம் இப்படி ஒருவர் இருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ‘ஊசி போட்டா நின்னுரும்’, ‘இன்னொரு தடவ தொறந்து பாத்துருங்க’, ‘நல்லா உருவி விட்டா எறங்கிரும்’. வலி எங்கிருந்து வருகிறது என்று இவர்களில் யாரும் கேட்பதில்லை. வலி நிற்காததற்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலில் வகை பிரிக்க வேண்டும், பிறகு மருந்தும் பயிற்சியும், அதற்குப் பிறகு ஊசி, கத்தி கடைசியில். இந்த வரிசையைக் குலைத்தால் பணமும் நாளும் போவதோடு காலின் பலமும் சேர்ந்து போகலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இந்த வரிசைக்கெல்லாம் கட்டுப்படாத அறிகுறிகள் சில உண்டு. சிறுநீர் முட்டியும் வெளியேறாமல் இருப்பது, அல்லது தெரியாமலே கசிவது. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது ஆசனவாய், பிறப்புறுப்பு, தொடையின் உள்பக்கம் எல்லாம் மரத்துப்போவது. இரண்டு காலும் ஒருசேரத் தளர்வது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, நரம்பு அறுவைப் பிரிவும் இரவிலும் எம்.ஆர்.ஐ எடுக்கும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருப்பவர்கள் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, விடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. தாமதத்தில் போன சிறுநீர்க் கட்டுப்பாடு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

நடக்கும்போது செருப்பு நழுவி, கட்டைவிரல் தரையில் தட்டினால் பாதம் தொங்க ஆரம்பிக்கிறது என்று பொருள். புதிதாக வந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல், தையல் இடத்தில் சீழ் அல்லது தெளிந்த நீர், படுத்தும் குறையாமல் நாளுக்கு நாள் ஏறும் முதுகு வலி என்றால் கிருமித்தொற்றா என்று பார்க்க வேண்டும், இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்ததாக இருக்கலாம். அந்தக் காலை உருவவே கூடாது.

வலி எப்போது திரும்பியது?

காரணத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேனைவிட முதலில் உதவுவது இந்தக் கேள்விதான்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒரு நாள்கூடக் கால் வலி குறையவே இல்லை என்றால், அழுத்தம் முழுதாக நீங்கவில்லை, அல்லது அழுத்தம் நீங்கியும் நரம்பு ஏற்கெனவே அடிபட்டுவிட்டது, அல்லது வலி வேறிடத்திலிருந்து வந்திருக்கிறது. நன்றாக இருந்து, குனிந்தோ தூக்கியோ தும்மியோ ஒரு நாள் திடீரென்று பழைய இடத்திலேயே இழுத்தால், அதே மட்டத்தில், அதாவது அதே இரண்டு முதுகெலும்புக்கு நடுவில், டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சில மாதம் கழித்து மெல்ல மெல்ல எரிச்சலும் இழுப்பும் ஏறினால் நரம்பைச் சுற்றித் தழும்பு படர்ந்திருக்கலாம். வருஷங்கள் கழித்து, நடந்தால் கால் கனத்து, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் பக்கத்து மட்டத்தில் நரம்பு போகும் வழி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரூ, ராடு வைத்த உடனே இதுவரை இல்லாத புதுக் கால் வலி வந்தால் ஸ்க்ரூ நரம்பை உரசுகிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்க்க வேண்டும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்காமல், புரண்டு படுக்கும்போதும் எழும்போதும் இடுப்புக் குழியில் மட்டும் பிடித்தால் அது பெரும்பாலும் மூட்டு வலி. நரம்பு மாத்திரை அதற்கு உதவாது.

இரண்டு பாதமும் சாக்ஸ் போட்ட இடம் வரை ஒரே மாதிரி எரிகிறதென்றால் முதுகை விட்டுவிட்டு முதலில் சர்க்கரையைப் பாருங்கள். எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), பி12, தைராய்டு மூன்றையும் ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைந்திருப்பது சாதாரணம். முதுகு மேல் பழியைப் போட்டு இதைத் தவறவிட்டவர்கள் நிறைய.

காலம் பற்றியும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சேதமான நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதத்துக்கு ஒரு மீட்டர் தூரம். எனவே இழுக்கும் வலி முதலில் குறைந்து, பலம் மெதுவாக வந்து, மரப்பு கடைசியில் ஒரு வருஷம் தாண்டியும் கொஞ்சம் தங்குவது இயல்பு. வலி குறைந்து மரப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் ஆப்பரேஷன் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நோட்டும் கால் வரைபடமும்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நேரம், வலி 10-க்கு எவ்வளவு, எந்த இடம், என்ன மாதிரி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதனால் குறைந்தது. இவ்வளவு போதும். ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கலாம்: ‘காலை 6: வலது பாதத்தின் மேல்புறம் எரிச்சல், 4. கீழே உட்கார்ந்து பூக் கட்டினேன். 6:20: கட்டைவிரல் வரை சுரீர், 7. எழுந்து நடந்தேன், 10 நிமிஷத்தில் 5. ராத்திரி 2: போர்வை பட்டு எரிச்சல், 8, தூக்கமில்லை.’ இந்த நாலு வரியில் டாக்டருக்கு மூன்று செய்தி கிடைக்கிறது: வலி எல்5, அதாவது இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்பை ஒட்டி வெளிவரும் நரம்பின் பாதையில் இருக்கிறது, குனிந்து உட்கார்ந்தால் ஏறுகிறது, தொட்டாலே எரியும் நரம்புச் சேதமும் சேர்ந்திருக்கிறது. ‘கால் பூரா வலிக்குது டாக்டர்’ என்று சொன்னால் இதில் ஒன்றும் கிடைக்காது.

இடத்தைக் குறிக்க மூன்று நரம்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். தொடையின் முன்பக்கம், முழங்கால், முன்காலின் உள்பக்கம் எல்4. முன்காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் எல்5. கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல், உள்ளங்காலின் வெளிப்பக்கம் எஸ்1. பலத்தைச் சுவர் ஓரமாக நின்று பாருங்கள்: குதிகாலால் பத்தடி நடக்க முடியவில்லையென்றால் எல்5 பக்கம் தளர்ச்சி, ஒற்றைக்காலில் முன்பாதத்தை ஊன்றி குதிகாலைப் பத்து முறை தூக்க முடியவில்லையென்றால் எஸ்1. நல்ல காலோடு ஒப்பிட்டு எத்தனை முறை முடிந்தது என்று வாரம் ஒருநாள் குறியுங்கள். வலி அப்படியே இருந்தாலும் பலம் குறைந்துகொண்டே வந்தால் சீக்கிரம் காட்டியாக வேண்டும்.

வலி நரம்பைச் சேர்ந்ததா என்று பிரிக்க டாக்டர்கள் டி.என்.4 என்ற பத்துக் கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். எரிச்சல், வலியோடு சேர்ந்த சில்லிப்பு, ஷாக் அடிப்பது, ஊர்வது, ஊசி குத்துவது, மரப்பு, அரிப்பு ஆகிய ஏழும் நோயாளியிடம் கேட்பவை; தொட்டால் உணர்வு குறைவதும், குத்தினால் உணர்வு குறைவதும், வருடினாலே வலிப்பதும் டாக்டர் பரிசோதித்துப் பார்ப்பவை. நாலு அல்லது அதற்கு மேல் ‘ஆமாம்’ என்றால் நரம்பு வலிக்கான மருந்து வரிசைக்குப் போகலாம்.

ஃபைலும் ஸ்கேனும்

டாக்டரிடம் போகும் பையில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆப்பரேஷன் குறிப்பு, ஆப்பரேஷனுக்கு முந்திய எம்.ஆர்.ஐ ஃபிலிம், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், இந்த நோட்டும் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த மட்டம் (எல்4-5 அல்லது எல்5-எஸ்1), எந்தப் பக்கம், எடுத்தது டிஸ்க் மட்டுமா, எலும்பும் சேர்த்தா, ஸ்க்ரூ உண்டா என்று தெளிவாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆப்பரேஷன் செய்த இடத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. ஃபைலில் ‘ஃபெயில்டு பேக் சர்ஜரி சிண்ட்ரோம்’ என்றோ, 2021-க்குப் பிறகு வந்த ‘பெர்சிஸ்டென்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம் டைப் 2’ என்றோ எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். ஆப்பரேஷனுக்குப் பிறகும் வலி தொடர்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. காரணத்தை அந்தப் பெயர் சொல்வதில்லை.

ஆப்பரேஷன் ஆன முதுகுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். தழும்பு அந்த மருந்தை உறிஞ்சிப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். புதிதாகப் பிதுங்கிய டிஸ்க் துண்டு உறிஞ்சாமல் கறுத்தே இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இந்த ஒரு வித்தியாசம் மறு ஆப்பரேஷன் முடிவையே மாற்றிவிடும். ஏற்றுவதற்கு முன் கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். டைட்டானியம் ஸ்க்ரூ உள்ளவர்களும் எம்.ஆர்.ஐ எடுக்கலாம், ஸ்க்ரூவைச் சுற்றிப் படம் கலங்கும் என்பதால் அந்த இடத்துக்கு சி.டி. தெளிவு. எலும்பு சேர்ந்ததா என்பதும் சி.டி.யில்தான் தெரியும். மட்டம் நழுவுகிறதா என்று பார்க்க நின்றபடி குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ (டிஸ்க் பிதுக்கம்) என்று இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. வலியே இல்லாத நாற்பது, ஐம்பது வயதுக்காரர் பலர் முதுகிலும் பல்ஜ் இருக்கும். படத்தில் தெரியும் அழுத்தமும் நோட்டில் உள்ள நரம்புப் பாதையும் ஒரே மட்டம், ஒரே பக்கம் என்று பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

மாத்திரைகள்

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் வீக்கத்தால் வரும் வலியைக் குறைக்கும். சேதமான நரம்பு தானாகவே அனுப்பும் எரிச்சலை அவை பெரிதாகத் தொடுவதில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றுப் புண்ணும் கிட்னிச் சேதமும் வரலாம். தெருமுனை கிளினிக்கில் போடும் ‘வலி ஊசி’ பல நேரம் இதே டைக்ளோஃபெனாக்தான்; சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஊசி போட்டதும் இரண்டு நாள் நன்றாக இருந்து, சர்க்கரை மட்டும் எகிறுகிறதென்றால் உள்ளே போனது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நரம்பு வலிக்கு முதல் வரிசையில் வருபவை அமிட்ரிப்டிலின் அல்லது நார்ட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், கபாபென்டின், ப்ரீகாபலின். எதை, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் சீட்டில் இருப்பது எந்தப் படி என்று தெரிந்தால் பாதியில் கைவிட மாட்டீர்கள்.

அமிட்ரிப்டிலின் ராத்திரி 10 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு 10 ஏற்றுவார்கள். 25 முதல் 75 வரையில் பலருக்குப் பலன் தெரியும். படுக்கப் போகும்போது போடுவதைவிட இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் மறுநாள் காலை அசதி குறையும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம்; இதய நோய், கண் அழுத்த நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டுலோக்ஸெட்டின் 30 மி.கி. ஒரு வாரம், பிறகு 60. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். ப்ரீகாபலின் ராத்திரி 75-ல் (வயதானவர்களுக்கு 25 அல்லது 50) தொடங்கி, ஒரு வாரத்தில் காலையும் இரவும் 75, தேவைப்பட்டால் 150 என்று ஏறும். கபாபென்டின் ராத்திரி 100 அல்லது 300-ல் தொடங்கி மூன்று வேளையாகப் பிரித்து ஏறும். இந்த இரண்டும் கிட்னி வழியாகவே வெளியேறுவதால் கிரியாட்டினின் கூடியிருந்தால் டோஸைக் குறைத்தே ஆக வேண்டும். தலைசுற்றல், கால் வீக்கம், எடை ஏறுவது இவற்றின் சாதாரணத் தொல்லைகள். குடியோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். மாத்திரை சாப்பிடும் நாட்களில் மது தொடக்கூடாது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு ‘மயக்கமா வருது, வலியும் கொறையல’ என்று நிறுத்துவது. முதல் வாரத்து அசதி பலருக்குத் தானே குறையும். மருந்தின் பலனைச் சொல்ல, தாங்கக்கூடிய டோஸை எட்டிய பிறகும் சேர்த்து நாலு முதல் எட்டு வாரம் வேண்டும். இரண்டு, வலி வரும்போது மட்டும் போடுவது. இவை அப்படி வேலை செய்யும் மாத்திரைகள் அல்ல. மூன்று, திடீரென்று நிறுத்துவது. தூக்கமின்மை, பதற்றம், வியர்வை, அரிதாக வலிப்புகூட வரும். குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும்.

பலன் இல்லாத மாத்திரையை வருஷக்கணக்கில் தொடர்வதும் தவறுதான். சயாட்டிகா எனப்படும் கால் நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. எரிச்சல், மரப்பு, தொட்டால் வலி என்று நரம்புச் சேதத்தின் அடையாளங்கள் தெளிவாக உள்ளவர்களுக்குத்தான் முயற்சி செய்யும் காரணம் வலுவாக இருக்கிறது. நோட்டில் 8 என்று இருந்தது 5 ஆனால் அது நல்ல பலன். பூஜ்யம் வரும் என்று எதிர்பார்த்தால் எந்த மருந்தும் ஏமாற்றும்.

மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். இரண்டு டாக்டர் எழுதிய இரண்டு கம்பெனிப் பெயரிலும் உள்ளே ப்ரீகாபலினே இருப்பது அடிக்கடி நடக்கிறது. பெயருக்குப் பின்னால் ‘எம்’ இருந்தால் பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் (ஒரு வகை பி12), ‘என்.டி’ இருந்தால் நார்ட்ரிப்டிலின் சேர்ந்தது. டிரமடால் என்ற கடும் வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் அதோடு டுலோக்ஸெட்டினோ அமிட்ரிப்டிலினோ சேர்கிறதா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். நடுக்கம், படபடப்பு, காய்ச்சல் என்று ஆபத்தாகலாம். செலவு கட்டுப்படியாகவில்லையென்றால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இதே மருந்துகளின் ஜெனரிக் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுத்துவதைவிட அது நல்லது.

ஒத்தடமும் உருவுதலும்

நொச்சி இலையோ தவிடோ மணலோ, இடுப்புத் தசைக்கு 15 நிமிஷம் ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை. மரத்த காலில் மட்டும் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும், சர்க்கரை இருந்தால் அந்தப் புண் ஆறாது. மூட்டையின் சூட்டை வீட்டில் இன்னொருவர் முழங்கைக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். தழும்புக்குப் பக்கத்தில் மெதுவாக எண்ணெய் தடவுவது சரி. சுளுக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, ‘சடக்’கென்று இடுப்பைத் திருகுவது ஆப்பரேஷன் ஆன முதுகுக்குக் கூடவே கூடாது.

உடலைப் பழக்குவது

படுக்கையிலிருந்து எழுவதில் தொடங்குங்கள். நேராக நிமிர்ந்து எழுந்தால் டிஸ்க் மேல் பாரம் அதிகம். முழங்கால் இரண்டையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கையை ஊன்றி எழ வேண்டும். பாயில் படுத்தால் இது முடியாது. தரையிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் இடுப்பு மடங்கும். கட்டில் இல்லாதவர்கள் கொஞ்ச காலத்துக்காவது முழங்கால் உயரத்தில் ஒரு படுக்கைக்கு வழி செய்ய வேண்டும். ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்தால் முழங்காலுக்கு அடியிலும் தலையணை. குந்தி உட்காரும் கழிப்பறைக்கு மேல் வைக்கும் ஸ்டூல் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும்.

நல்ல நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவதுதான் பலரிடமும் உள்ள பழக்கம். இதை நேரக் கணக்கால் உடைக்க வேண்டும். வலி இரண்டு புள்ளி ஏறும்வரை எத்தனை நிமிஷம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் பாருங்கள். 12, 15, 9 என்றால் சராசரி 12. அதில் ஐந்தில் நாலு பங்கு, ஏறத்தாழ 10 நிமிஷம், உங்கள் தொடக்க அளவு. நல்ல நாளானாலும் 10 நிமிஷம், மோசமான நாளானாலும் 10 நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுங்கள். உட்காருவதற்கும் நிற்பதற்கும் இதே கணக்குதான்.

வண்டியூர் தெப்பக்குளத்தில் நடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நடுவில் வலி ஏறினால் முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் தூரம் ஒன்றுதான். ஆரம்பத்தில் சுற்ற வேண்டாம். ஒரு கரையில் ஐந்து நிமிஷம் போய், அதே வழியில் ஐந்து நிமிஷம் திரும்புங்கள். திருப்பரங்குன்றம் மலைப்படி, அழகர்கோயில் மேலே ஏறுவது எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு யோசிக்கலாம்.

பாதம் மரத்தவர்களுக்குச் சித்திரை மாதம் தனி ஆபத்து. மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதிகளின் கல்தளம் பகலில் கொதிக்கும். வெறுங்காலில் நடந்து கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். வெயில் ஏறுமுன் போய் வாருங்கள். திரும்பியதும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர் செருப்பு போடுவது நல்லது. பாதம் தொங்குபவர்களுக்குக் கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ பட்டை உண்டு. தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதை அது தடுக்கும்.

நரம்பை வழுக்கி விடும் பயிற்சி ஒன்றை ஃபிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு முறை நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். வலிக்கும் காலை மெதுவாக நீட்டும்போதே முகத்தை மேலே தூக்க வேண்டும். காலை மடக்கும்போது தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். தலைப்பக்கம் தளரும்போது கால்பக்கம் இழுபடுவதால் நரம்பு நீளாமல் முன்னும் பின்னும் நகர்கிறது. எங்கேயும் பிடித்து நிறுத்தாமல் பத்து முறை, நாளைக்கு இரண்டு தடவை. தலையையும் குனிந்து காலையும் நீட்டினால் எதிர்ப்பலன்: நரம்பு இரு பக்கமும் இழுபட்டு எரிச்சல் ஏறும். பயிற்சி முடித்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் ஊர்வது குறையவில்லையென்றால் நீட்டும் அளவைப் பாதியாக்குங்கள்.

இதோடு, முழங்கால் மடக்கிப் படுத்து இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துவது பத்து முறை. ஸ்க்ரூ வைத்தவர்கள் எலும்பு சேர்ந்ததை டாக்டர் உறுதி செய்யும்வரை பயிற்சிகளை அனுமதியோடுதான் செய்ய வேண்டும். இடுப்பு பெல்ட்டைப் பஸ் பயணத்துக்கும் வேலை நேரத்துக்கும் மட்டும் போடுங்கள். நாள் முழுக்கப் போட்டால் தசை சோம்பிவிடும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எலும்பு சேர்வதைக் கெடுக்கும்.

வேலையை விட முடியாதவர்கள்தான் இங்கே அதிகம். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்க இடுப்பை வளைத்து நிற்காமல் முக்காலி வைத்து உட்கார்ந்து பறித்து, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நிமிருங்கள். தையல் மிஷினில் கால் மிதிக்குப் பதில் மோட்டார் போடுங்கள். நிரம்பிய குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைத்தால் முதுகு ஒரு பக்கமாக வளையும். இரண்டு கையிலும் பாதி வாளியாகப் பிரித்துத் தூக்குங்கள். டவுன் பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலும் உள்ள சீட் வேண்டாம், குலுக்கல் அங்கேதான் அதிகம்.

தூக்கமும் மனசும்

ராத்திரி தூங்காதவருக்கு மறுநாள் வலி கூடும், கூடிய வலி அடுத்த ராத்திரியையும் கெடுக்கும். மருந்தை ராத்திரிக்கு வைப்பதற்கு ஒரு காரணம் இதுவே. ஆப்பரேஷன் செய்தும் சரியாகவில்லையே என்ற ஏக்கமும், வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பும் பலரை உடைத்துவிடுகின்றன. ‘சும்மா நடிக்கிறாரு’ என்று வீட்டார் ஒருபோதும் சொல்லக் கூடாது; ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நரம்பு வலி உண்மையானது. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ 104-லோ தமிழிலேயே பேசலாம்.

ஊசி, கருவி, மறு ஆப்பரேஷன்

மருந்தும் பயிற்சியும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் வாழ்க்கை நகரவில்லையென்றால் அடுத்த படி. பெரிய மருத்துவமனைகளில் வலி நிவாரணப் பிரிவை மயக்கவியல் மருத்துவர்கள் நடத்துவார்கள்.

எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி குறிப்பிட்ட நரம்பு வேருக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவது முதல் வழி. பலன் வாரங்களிலிருந்து சில மாதம் வரை. டிஸ்க் பிதுக்கத்துக்குக் கேட்கும் அளவு தழும்புக்குக் கேட்காது. திரை இல்லாமல் கைக்கணக்கில் போடும் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். சர்க்கரை சில நாள் ஏறும். முன்பே சொல்லிவைத்து அடிக்கடி பாருங்கள். க்ளோப்பிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதுகுத்தண்டுக்குள் மெல்லிய கம்பி வைத்து மின் துடிப்பு கொடுக்கும் கருவி, முதுகைவிடக் கால் வலி அதிகமாக இருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது. 100 பேரை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் கால் வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் கருவி வைத்தவர்களில் 48 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 9 சதவீதம். நிரந்தரமாக வைக்கும் முன் சில நாள் தற்காலிகக் கம்பி வைத்துப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் மேலே போக வேண்டும். பல லட்சம் செலவு என்பதால் சோதனைக்கட்டத்தைத் தவிர்த்து நேராக வைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

செலவுக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம். எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஃபிசியோதெரபி தருவார்கள். கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கால் பலம் நிரந்தரமாகப் போனவர்கள் அரசு மருத்துவமனையில் ஊனச் சதவீதம் பார்த்துச் சான்றிதழ் பெறலாம். 40 சதவீதத்திலிருந்து சலுகைகள் தொடங்கும்.

மறு ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: என் வலி போகும் பாதையும் ஸ்கேனில் உள்ள அழுத்தமும் ஒரே மட்டம்தானா? அது டிஸ்க்கா, தழும்பா? தழும்பு என்றால் வெட்டி எடுத்த இடத்தில் மறுபடி வராதா? எந்த வலி குறையும், கால் வலியா முதுகு வலியா? செய்யாமல் விட்டால் பலம் போகுமா, வலி மட்டும் தொடருமா? மறுபடி பிதுங்கிய டிஸ்க், இடம் தவறிய ஸ்க்ரூ, சேராத எலும்பு, நழுவும் மட்டம் என்று காரணம் கையில் இருக்கும்போது மறு ஆப்பரேஷன் நல்ல பலன் தரும். காரணம் தெரியாமல் ‘திறந்து பார்ப்போம்’ என்று செய்வதில் ஒவ்வொரு முறையும் வெற்றி வாய்ப்பு குறையும், தழும்பு கூடும். பதில்களை அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு, அதே ஃபைலோடு இன்னொரு முதுகுத்தண்டு நிபுணரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பலம் குறையாமல் வலி மட்டும் இருக்கும்வரை அதற்கான நேரம் உங்களுக்கு உண்டு.